49 வயதில் துறை மாற்றம்: யாரிடம் போய் நிற்பது?

கேட்டவர் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன். வயது 49. மறைமலை நகர் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் க்வாலிட்டி பிரிவில் 23 வருடம் 8 மாதம் சர்வீஸ். டிப்ளமோவோடு சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே ஏஎம்ஐஇ (வேலையில் இருப்பவர்கள் தேர்வெழுதி வாங்கும் பொறியியல் தகுதி) முடித்தவர். கம்பெனி வெளி மாநிலத்துக்குப் போகிறது, விஆர்எஸ் (விருப்ப ஓய்வு) கடிதம் கைக்கு வந்துவிட்டது. ஊரப்பாக்கத்தில் வீட்டுக்கடன் ஓடுகிறது, மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. நௌக்ரி வேலைத் தளத்தில் மாதக்கணக்காக விண்ணப்பித்தும் இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேலைக்குத்தான் போன் வருகிறது. ஆட்டோமொபைலே இனி வேண்டாம், இரண்டரை லட்சம் கட்டி டேட்டா சயின்ஸ் படித்து ஐடி பக்கம் போய்விடலாமா என்று கேட்கிறார்.

வணக்கம் சார்.

அந்த இரண்டரை லட்சத்தைக் கட்டாதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம். இதை முதலில் சொல்லக் காரணம், அந்த மாதிரி இடங்களில் "இந்த வாரம் சேர்ந்தால் ஐம்பதாயிரம் குறைவு" என்று போன் மேல் போன் போட்டு நெருக்குவார்கள். "ப்ளேஸ்மென்ட் கேரண்டி" என்று விளம்பரத்தில் இருக்கும். ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தால் வயது, கடைசியாகப் படித்த வருடம், வருகைப்பதிவு என்று நிபந்தனைகள் போட்டிருப்பார்கள். அவர்கள் கூட்டிவரும் கம்பெனிகள் கேட்பது 22, 23 வயதுப் பிள்ளைகளை. படிக்க உங்களால் முடியாது என்று நான் சொல்லவில்லை. படித்து முடித்தபின் நீங்கள் நிற்கப்போகும் வரிசை உங்களுடையது இல்லை.

நான் அம்பத்தூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பகுதித் தொழிற்சாலைகளுக்கு ஆள் எடுத்துத் தரும் வேலையைப் பல வருடங்களாகச் செய்கிறேன். 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை நின்றபோதும், 2021இல் ஃபோர்டு அறிவிப்பு வந்து அடுத்த வருடம் மறைமலை நகரில் உற்பத்தி முடிந்தபோதும் வெளியே வந்தவர்கள் நிறையப் பேரோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அதிலிருந்து எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன். நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு வேலை விண்ணப்பம் போட்டுக் கிடைப்பது அபூர்வம். உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்த ஒருவர், தன் தலைவலி ஒன்றை நீங்கள் எடுத்துவிடுவீர்கள் என்று நம்பும்போதுதான் கிடைக்கிறது. கீழே எழுதுவதெல்லாம் அந்த ஒருவரை எப்படித் தேடுவது, அவர் கிடைக்கும்வரை பதற்றப்படாமல் எப்படித் தாக்குப்பிடிப்பது என்பதைப் பற்றித்தான்.

முதலில் பணத்தை முடித்துக்கொள்வோம். கையில் எத்தனை மாதத்துக்கு இருக்கிறது என்று தெரியாதவர் முதலில் கிடைத்த எதையும் பிடித்துக்கொள்வார்.

கிராஜுவிட்டியை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். கடைசி மாத பேசிக்கும் டிஏவும் சேர்ந்த தொகையை 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, சர்வீஸ் வருடத்தால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் போனால் அது முழு வருடம், ஆகவே உங்களுக்கு 24. பேசிக் 45,000 என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 6,23,000 ரூபாய் வரும். 20 லட்சம் வரை வரி கிடையாது. வேலை முடிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் கம்பெனி கொடுத்தாக வேண்டும். விஆர்எஸ் தொகையில் 5 லட்சம் வரைக்கும், எடுக்காத விடுப்புக்கான பணமான லீவ் என்கேஷ்மென்டில் 25 லட்சம் வரைக்கும் வரிவிலக்கு உண்டு. விஆர்எஸ் கடிதத்தில் எல்லாவற்றையும் கூட்டி ஒரே பெரிய எண்ணாகக் காட்டியிருந்தால், கிராஜுவிட்டி தனி, லீவ் தனி, விஆர்எஸ் தனி என்று பிரித்து எழுத்தில் கேளுங்கள். சட்டப்படி எப்படியும் உங்களுக்குச் சேர வேண்டிய கிராஜுவிட்டியையே "சலுகை" என்ற பெயரில் உள்ளே சேர்த்துக் காட்டும் இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

பிஎஃப்பைத் தொடாதீர்கள். வேலையை விட்ட பிறகும் 58 வயதுவரை வட்டி ஏறும். அப்படி ஏறும் வட்டிக்கு மட்டும் வரி உண்டு. பென்ஷன் பகுதியை மொத்தமாக எடுக்க முடியாது. பத்து வருடம் தாண்டியதால் உங்களுக்கு மாதப் பென்ஷன் உறுதியாகிவிட்டது. 2014 ஆகஸ்ட் வரையிலான சர்வீஸுக்கு 6,500 ரூபாய் சம்பள வரம்பையும், அதற்குப் பிந்தையதற்கு 15,000 ரூபாய் வரம்பையும் வைத்துக் கணக்கிடுவார்கள். 50 வயது முடிந்ததும் முன்கூட்டியே வாங்கலாம். ஆனால் 58க்கு முந்தைய ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவிகிதம் வெட்டு, அந்த வெட்டு ஆயுளுக்கும் நீங்காது. தொகை சிறியதுதான், இருந்தாலும் 58இல் கைகொடுக்கும்.

கிராஜுவிட்டியைக் கொண்டுபோய் மொத்தமாக வீட்டுக்கடனில் கட்டாதீர்கள். கடன் இல்லை என்ற நிம்மதி மூன்று மாதம் இருக்கும். அதன் பிறகு கையில் காசு இருக்காது, வேலை இல்லாதவருக்கு எந்த வங்கியும் புதுக்கடன் தராது. ஒரு வருட இஎம்ஐ, ஒரு வருடக் கல்லூரிக் கட்டணம், ஒரு வருட வீட்டுச் செலவு, இவற்றைத் தனி டெபாசிட்டாகப் போட்டுவிட்டு மிச்சத்தைப் பற்றி யோசியுங்கள். அதே போல "ஃப்ரான்சைஸ் டீக்கடை எடுத்தால் மாதம் ஒரு லட்சம்" என்று யாராவது வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். தொழில் தொடங்கும் ஆசை உண்மையிலேயே இருந்தால் ஈக்காட்டுத்தாங்கலில் இருக்கும் தமிழக அரசின் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்தில் சில நாள் பயிற்சிகள் நடத்துகிறார்கள், போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். சுயதொழில் தொடங்க மானியத்தோடு கடன் தரும் மத்திய அரசின் பிஎம்இஜிபி திட்டத்துக்கு உச்ச வயது வரம்பு இல்லை. ஆனால் அது வேறு பாதை. நீங்கள் கேட்டது வேலையைப் பற்றி.

இன்னொன்று மெடிக்கல் இன்சூரன்ஸ். கம்பெனியின் குரூப் பாலிசி பொதுவாகக் கடைசி நாளோடு முடியும். அதே இன்சூரன்ஸ் நிறுவனத்தில் தனிப் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி இருக்கிறது. குரூப் பாலிசியில் இருந்த வருடங்கள் பழைய நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தில் கழியும். சர்க்கரை, பிபி இருந்தால் இதைத் தவறவிடவே கூடாது. கடைசி நாளுக்குப் பிறகு கேட்டால் சிக்கலாகும், இப்போதே ஹெச்ஆரிடம் கேளுங்கள்.

இனி வேலைக்கு வருவோம்.

நௌக்ரியில் அழைப்பு வராதது நிராகரிப்பு இல்லை சார், யாரும் உங்களைப் பார்க்கவே இல்லை. எங்களைப் போன்றவர்கள் தேடும்போது "அனுபவம் 6 முதல் 12 வருடம்" என்று வடிகட்டிவிட்டுத்தான் பட்டியலைத் திறப்போம். கம்பெனி கொடுத்த குறிப்பில் வயது எழுதியிருக்காது, ஆனால் போனில் "நாற்பதுக்குள்ள பாருங்க மேடம்" என்பார்கள். தனியார் வேலையில் வயதை வைத்து ஒதுக்குவதைத் தடுக்க நம் நாட்டில் தனியாகச் சட்டம் எதுவும் இல்லை. இது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன், கேட்கிற இடத்தில் சொல்லியும் வருகிறேன். ஆனால் அது மாறும்வரை நீங்கள் காத்திருக்க முடியாது. ப்ரொஃபைலை எடுத்துவிடாதீர்கள், வாரத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு வரியைத் திருத்தி உயிரோடு வையுங்கள். "உடனே சேரலாம்" என்பதைத் தலைப்பிலேயே போடுங்கள். வேலையில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு 60, 90 நாள் நோட்டீஸ். உங்களுக்கு அது இல்லை என்பது உண்மையான அனுகூலம். தமிழக அரசின் தனியார் துறை வேலை இணையத்திலும் பதிந்து வையுங்கள், செலவில்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் முகாம்களில் பெரும்பாலும் இளைஞர்களுக்கான இடங்கள்தான். அங்கே ஒரு நாளைச் செலவழிப்பதைவிட நான் கீழே சொல்லும் போன்களைப் போடுங்கள்.

துறை மாறுவது பற்றி எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. இந்த வயதில் தொழிலையும் துறையையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். தொழில் அதேதான், துறை மட்டும் மாறட்டும். அல்லது துறை அதேதான், அதற்குள் செய்யும் வேலை மாறட்டும். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் 24 வருட அனுபவத்தின் விலை பூஜ்ஜியமாகி, 23 வயதுக்காரரோடு சம்பளத்தில் போட்டி போட நேரும்.

துறையை மட்டும் மாற்றினால் உங்களுக்குச் சென்னையைச் சுற்றியே இடம் இருக்கிறது. எஃப்எம்இஏ, பிபிஏபி, எஸ்பிசி, எம்எஸ்ஏ, 8டி என்று நீங்கள் தினமும் செய்த தரக் கட்டுப்பாட்டு வேலைகள், ஆட்டோமொபைல் துறையின் தரநிலையான ஐஏடிஎஃப் 16949இல் பயன்படும் கருவிகள். விமான உதிரிபாகத்துக்கு ஏஎஸ் 9100, மருத்துவக் கருவிகளுக்கு ஐஎஸ்ஓ 13485 என்று தரநிலையின் பெயர் மாறும், ஆவணங்கள் கூடும், ஒவ்வொரு பாகத்தையும் எந்த மூலப்பொருளில், எந்த நாளில், யார் செய்தார்கள் என்று பின்னோக்கித் தேட முடிவது இன்னும் கண்டிப்பாகும். அடிப்படைச் சிந்தனை ஒன்றுதான். வல்லம் வடகாலில் விமானத் துறைக்கென்றும், ஒரகடத்தில் மருத்துவக் கருவிகளுக்கென்றும் சிப்காட் பூங்காக்கள் அமைத்திருக்கிறது. ஊரப்பாக்கத்திலிருந்து வண்டலூர், படப்பை வழியாக ஒரகடம் போவது உங்களுக்குப் பெரிய தூரமில்லை. ஸ்ரீபெரும்புதூர் முழுக்க எலக்ட்ரானிக்ஸ். அங்கே வேகம் அதிகம், ஷிஃப்ட் கடுமை, லைனில் இருப்பவர்கள் வயதில் மிகச் சின்னவர்கள். அது உங்களுக்குப் பிடிக்குமா என்று ஒரு நாள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பெரம்பூர் ஐசிஎஃபுக்கு ரயில் பெட்டி பாகங்கள் சப்ளை செய்யும் சிறு கம்பெனிகளையும் மறந்துவிடாதீர்கள். வந்தே பாரத் ரயில்கள் வந்தபிறகு இருக்கை, உட்புறப் பலகை, கதவு என்று வெளியாரிடம் வாங்கும் பாகங்களில் தரம் பெரிய பேச்சாகியிருக்கிறது.

வேலையை மாற்றுவதென்றால் முதலில் ஆடிட்டிங், அதாவது ஆலைகளின் தர முறையைத் தணிக்கை செய்வது. ஐஎஸ்ஓ 9001 லீட் ஆடிட்டர் பயிற்சி 5 நாள், 40 மணி நேரம். ஆடிட்டர்களைப் பதிவு செய்யும் சர்வதேச அமைப்பான சிக்யூஐ-ஐஆர்சிஏவின் அங்கீகாரம் உள்ளதாகப் பார்த்துச் சேருங்கள், செலவு ஆயிரங்களில்தான். ஆனால் அந்தச் சான்றிதழை வாங்கிய மறுநாளே ஆடிட்டர் ஆகிவிட முடியாது. அனுபவமுள்ள ஒருவரின் கீழ் ஆடிட் நாட்கள் சேர வேண்டும். இதை எந்தப் பயிற்சி நிறுவனமும் முன்கூட்டிச் சொல்லாது. இப்போதைய கம்பெனியில் இன்னும் நாள் இருக்கிறதென்றால், இன்டர்னல் ஆடிட்டிலும் சப்ளையர் ஆடிட்டிலும் முடிந்தவரை உங்கள் பெயரைப் போடச் சொல்லி, தேதி, இடம், பிரிவு என்று ஒரு பதிவு வைத்துக்கொள்ளுங்கள். சர்டிஃபிகேஷன் நிறுவனங்கள் முதலில் கேட்பது அதைத்தான். அங்கே நரைத்த தலைக்கு மரியாதை உண்டு. ஆலையை ஆடிட் செய்ய 26 வயதுக்காரரை அனுப்பினால் ஆலைக்காரரே முகம் சுளிப்பார்.

ஆலையில் மின்சாரமும் எரிபொருளும் எங்கே வீணாகிறது என்று பார்த்துச் சொல்லும் எனர்ஜி ஆடிட்டர் தேர்வும் யோசிக்கத் தகுந்தது. எரிசக்திச் சிக்கன வாரியமான பிஇஇ தரும் சான்றிதழ் அது, நான்கு தாள். அந்தத் தேர்வோடு தொடர்புடைய தேசிய உற்பத்தித்திறன் கவுன்சிலின் நிறுவனம் அம்பத்தூர் எஸ்டேட்டிலேயே இருக்கிறது. ஆனால் கம்ப்ரஸர், ஃபர்னஸ், பாய்லர் பக்கம் கொஞ்சமாவது கை வைத்தவருக்குத்தான் அது சரிப்படும். க்வாலிட்டியிலேயே இருந்த உங்களுக்கு இது இரண்டாவது தேர்வு.

கற்பிப்பது மூன்றாவது. யுஜிசி 2022இல் "ப்ரொஃபஸர் ஆஃப் ப்ராக்டிஸ்" என்ற பதவிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. 15 வருடத் துறை அனுபவம், அதிலும் மூத்த பொறுப்பில் இருந்தவராக இருக்க வேண்டும். பிஎச்டி தேவையில்லை, அதிகபட்சம் நான்கு வருடம். பெரிய பதவியில் இருந்தவர்களைத்தான் கல்லூரிகள் இதற்குக் கூப்பிடுகின்றன என்பது நடைமுறை. ஆனால் தாம்பரம் முதல் செங்கல்பட்டு வரை உள்ள பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரிகளில் மெட்ராலஜி (அளவியல்) லேப், தரக் கட்டுப்பாடு பற்றி விருந்தினராக வகுப்பெடுக்க ஆள் தேவைப்படும். காசு அதிகம் வராது. ஆனால் பிள்ளைகளை இன்டர்ன்ஷிப்புக்கு எடுக்கும் கம்பெனிக்காரர்கள் அங்கே வருவார்கள், உங்கள் முகம் அவர்களுக்குப் பழகும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு நம்பிக்கை உள்ள இடம் வேறு. உங்களுக்குப் பாகம் சப்ளை செய்த சின்ன கம்பெனிகள். திருமுடிவாக்கம், அம்பத்தூர், காக்களூர், கிண்டி எஸ்டேட்களில் 40 பேர், 100 பேர் வைத்து பிரஸ் ஷாப், மெஷின் ஷாப், மோல்டிங் நடத்துபவர்கள். 24 வருடத்தில் எத்தனை பேரை நீங்கள் ஆடிட் செய்திருப்பீர்கள், எத்தனை பேருக்கு ரிஜெக்ஷன் நோட் போட்டிருப்பீர்கள், அதைச் சரிசெய்ய எத்தனை ராத்திரி அவர்களோடு நின்றிருப்பீர்கள்! அங்கே ஹெச்ஆர் என்று ஒருவர் இருக்க மாட்டார், வயது வடிகட்டி கிடையாது. முதலாளி உங்களைத் தெரிந்தவர். அவரே முடிவெடுப்பார், சில சமயம் அன்றைக்கே.

ஒரு மாலை உட்கார்ந்து அப்படிப்பட்டவர்களின் பட்டியல் எழுதுங்கள். உங்களோடு வேலை பார்த்துப் பிறகு வேறு கம்பெனிக்குப் போனவர்கள், டூல் ரூம் ஆட்கள், கேலிப்ரேஷன் லேப் நடத்துபவர், கேஜ் விற்றவர், எல்லாரும் அதில் வரட்டும். பிறகு ஒவ்வொருவராகப் போன். "ஏதாவது வேகன்சி இருந்தா சொல்லுங்க சார்" என்று ஆரம்பித்தால் "கண்டிப்பா சார், சொல்றேன்" என்று வைத்துவிடுவார்கள். அது அவர்கள் தப்பில்லை, அந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது. இப்படிப் பேசிப் பாருங்கள்:

"சார், நல்லா இருக்கீங்களா? எங்க ப்ளான்ட் வெளியூர் போகுதுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. நான் போகல, இங்கயேதான்."

"அப்படியா சார்? அடுத்து எங்க?"

"இனிமேதான் பாக்கணும். உங்களுக்கு ஐஏடிஎஃப் ரீசர்ட்டிஃபிகேஷன் இந்த வருஷம் வரணுமே, யாரு பாத்துக்கறாங்க?"

"அதை ஏன் கேக்கறீங்க. அந்த ஆடிட் வேலையெல்லாம் பாத்துக்கிட்ட பழைய எம்ஆர் போயிட்டாரு. இருக்கற பையனுக்கு எந்த ஃபைல் எங்க இருக்குன்னே தெரியல."

"நான் ஒரு நாள் வந்து பாக்கட்டுமா? என்ன குறையுதுன்னு எழுதித் தரேன். அப்புறம் பேசிக்கலாம்."

ஒரு வார்த்தைகூட வேலை கேட்கவில்லை, ஆனால் உள்ளே போகிறீர்கள். அந்த ஒரு நாளில் ஷாப் ஃப்ளோரில் சுற்றி, இரண்டு பக்கத்துக்கு மிகாமல் குறைகளை எழுதிக் கொடுங்கள். ஆடிட்டில் மேஜர் என்சியாக, அதாவது தரநிலைக்கு ஒத்துப்போகாத பெரிய குறையாக, எழுதப்படக்கூடியது எது, வாடிக்கையாளர் முதலில் கை வைக்கப்போகும் இடம் எது என்று வரிசைப்படுத்துங்கள். அதைப் படித்த முதலாளி "சார், நீங்களே வந்து முடிச்சுக் குடுங்க" என்று சொன்ன இடங்கள் எனக்குத் தெரியும். "இப்ப முடியாது சார்" என்பவரும் இருப்பார். அவரிடம் கிளம்பும்போது, இந்த மாதிரி தேவை உள்ள இரண்டு பேர் பெயரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எஸ்டேட்டில் ஒருவரை ஒருவர் எல்லாருக்கும் தெரியும். இலவசமாக ஒரு நாள் மட்டும்தான். இரண்டாவது நாளிலிருந்து காசு. இதில் கூச்சப்படாதீர்கள்.

ரெஸ்யூமேயையும் இதே மாதிரி திருத்த வேண்டும். நீங்கள் அனுப்பியதில் "உள்வரும் பொருள் ஆய்வு, செயல்முறை ஆய்வு, இறுதி ஆய்வு ஆகியவற்றுக்குப் பொறுப்பு" என்று இருக்கிறது. தமிழ்நாட்டில் க்வாலிட்டியில் இருக்கும் அத்தனை பேரின் ரெஸ்யூமேயிலும் இதே வரி இருக்கும். அதற்குப் பதிலாக இந்த மாதிரி: "ஸ்டாம்பிங் பாகத்தில் பர் (விளிம்புப் பிசிறு) வந்து வாடிக்கையாளர் லைன் நின்றது. டை தேய்மானம்தான் காரணம் என்று கண்டுபிடித்து, ஸ்ட்ரோக் எண்ணிக்கையை வைத்து டை தீட்டும் முறையைக் கொண்டுவந்தேன். ரிஜெக்ஷன் 1,800 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சம் பாகத்தில் 1,800) 250க்கு இறங்கியது." எண்கள் உங்களுடைய உண்மையான எண்களாக இருக்கட்டும். இப்படி ஐந்து சம்பவம் போதும். கடைசிப் பத்து, பன்னிரண்டு வருட வேலையை விரிவாக எழுதுங்கள், அதற்கு முந்தையதற்கு இரண்டு வரி. பிறந்த தேதி, தந்தை பெயர், மதம், "மேற்கண்டவை உண்மை என உறுதியளிக்கிறேன்" என்ற கடைசிப் பத்தி எதுவும் வேண்டாம். மொத்தம் இரண்டு பக்கம். வயதை மறைக்கச் சொல்லவில்லை, யாராவது கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள். முதல் பார்வையில் அது வந்து நிற்க வேண்டாம், அவ்வளவுதான். பழைய கம்பெனியின் ட்ராயிங், வாடிக்கையாளர் ஆவணம் எதையும் "சாம்பிள்" என்று எங்கும் காட்டாதீர்கள். அதைப் பார்த்த முதலாளி நாளை தன்னுடையதையும் இப்படிக் காட்டுவீர்கள் என்றுதான் நினைப்பார்.

டேட்டா பக்கம் உங்களுக்கு இருக்கும் ஆர்வத்தை வீணாக்க வேண்டியதில்லை. எக்ஸெல்லில் பிவட், பவர் க்வெரி, அதோடு பவர் பிஐ, மினிடேப் என்ற தரவு அலசும் மென்பொருட்கள். இவை போதும். எண்ணைப் பார்த்ததும் ப்ராசஸில் எங்கே கோளாறு என்று சொல்லும் பார்வை உங்களிடம் இருக்கிறது, அது அந்த 23 வயதுப் பையனிடம் இல்லை. என்பிடிஇஎல்லில் ஐஐடி பேராசிரியர்களின் வகுப்புகளை இலவசமாகப் பார்க்கலாம், சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம். "வயசானவருக்கு கம்ப்யூட்டர் வராது" என்ற எண்ணம் எதிரில் இருப்பவரிடம் சொல்லப்படாமலே இருக்கும். லேப்டாப்பைத் திறந்து நீங்களே செய்த ஒரு சார்ட்டைக் காட்டினால் அது அங்கேயே போய்விடும்.

இன்டர்வியூவில் உங்கள் எதிரில் 34 வயது மேனேஜர் உட்கார்ந்திருக்கலாம். அவருக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருக்கும். "சார், உங்களுக்கு என்னைவிட அனுபவம் ஜாஸ்தி. என்கிட்ட ரிப்போர்ட் பண்றது உங்களுக்கு ஓகேவா?" என்று கேட்டே விடுவார். "அதெல்லாம் பிரச்சினை இல்லை" என்ற பதில் அவர் பயத்தைத் தீர்க்காது. "முடிவு உங்களோடது சார். எனக்குத் தோணறதை முடிவுக்கு முன்னாடி உங்ககிட்ட தனியா சொல்லுவேன். முடிவு எடுத்தப்புறம் அதை முடிச்சுக் குடுக்கறது என் பொறுப்பு." இப்படி ஒருவர் சொல்லி, அந்த மேனேஜரின் தோள் தளர்ந்து நாற்காலியில் சாய்ந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அவரைச் "சார்" என்றே கூப்பிடுங்கள். "தம்பி" வாய் தவறிக்கூட வேண்டாம். "எங்க கம்பெனில இப்படித்தான் பண்ணுவோம்" என்ற வாக்கியத்தையும் விட்டுவிடுங்கள். அது பெருமையாகத்தான் வரும், ஆனால் எதிரில் இருப்பவருக்குக் குறை சொல்வதாகக் கேட்கும்.

எல்லாம் கூடிவந்து ஆஃபர் கைக்கு வரும் நேரத்தில் காகிதம் காலை வாரும். நம் ஊர்க்காரர்களுக்கு இது தனிப் பிரச்சினை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியலோடு பெயர், ஆதாரில் அப்பா பெயர் விரிந்து பின்னால், பிஎஃப்பில் இனிஷியல் முன்னால், பான் கார்டில் வேறு மாதிரி. பின்னணிச் சரிபார்ப்பு செய்யும் ஏஜென்சி வடநாட்டில் உட்கார்ந்திருக்கும், அவர்களுக்கு இனிஷியல் என்றாலே குழப்பம். இப்போதே நான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பிஎஃப்பை ஆதாரோடு ஒத்துப்போகத் திருத்துங்கள். கம்பெனி மூடிவிட்டால் கையெழுத்துப் போட ஆள் இருக்காது. பிஎஃப் கணக்கில் நீங்கள் விலகிய தேதி ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். கம்பெனி ஏற்றாவிட்டால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் ஏற்றிவிடலாம். ரிலீவிங் லெட்டர், சர்வீஸ் சர்டிஃபிகேட், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, முந்தைய வருடங்களின் ஃபார்ம் 16, எல்லாவற்றையும் கடைசி நாளிலேயே கையில் வாங்கிவிடுங்கள். ஆஃபர் லெட்டருக்கு டெபாசிட், யூனிஃபார்முக்குப் பணம் என்று யார் கேட்டாலும் அது மோசடி. காசு போய்விட்டால் யோசிக்காமல் 1930க்குப் போன் செய்யுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

வேலை போகிறது என்பதைச் சொந்தத்தில் மறைக்காதீர்கள். கல்யாண வீட்டில் "இப்ப எங்க இருக்கீங்க?" என்று கேட்பார்களே என்று விசேஷங்களுக்கே போகாமல் நின்றுவிடுபவர்கள் இருக்கிறார்கள். மனசு எப்படி வலிக்கும் என்று புரிகிறது. ஆனால் அந்தப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருப்பவரின் மைத்துனர் ஒரகடத்தில் ப்ளான்ட் ஹெட்டாக இருக்கலாம். "கம்பெனி இடம் மாறுது, நான் சென்னையிலயே க்வாலிட்டி சிஸ்டம் பண்ணிக் குடுக்கலாம்னு இருக்கேன்" என்று ஒரே வரியில் சொல்லிப் பழகுங்கள். மகளுக்கும் சொல்லிவிடுங்கள். கல்லூரிப் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடத் தாங்குவார்கள், மறைத்தால்தான் உடைவார்கள்.

சம்பளம். சின்ன கம்பெனி உங்கள் பழைய சம்பளத்தைத் தர முடியாது, அதைக் கேட்டு அவரையும் சங்கடப்படுத்தாதீர்கள். வாரத்தில் இரண்டு நாள் என்று பேசுங்கள், அப்படி இரண்டு, மூன்று கம்பெனி சேர்ந்தால் பழைய சம்பளத்துக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். இப்படிப் போனால் நீங்கள் ஊழியர் இல்லை, ஆலோசகர். 10 சதவிகிதம் டிடிஎஸ் பிடிப்பார்கள், ரிட்டர்ன் போடும்போது கணக்குத் தீரும். டெக்னிக்கல் கன்சல்டன்சிக்கு வரவில் பாதியை லாபமாகக் காட்டி வரி கட்டும் எளிய முறை உண்டு. வருட வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும்வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு செய்துகொள்ளுங்கள். அரசுத் தளத்தில் அது முழுக்க இலவசம், கட்டணம் கேட்கும் தளங்கள் எல்லாம் இடைத்தரகர்கள். அந்தப் பதிவு இருந்தால், ஒப்புக்கொண்ட தவணையில், அதிகபட்சம் 45 நாளுக்குள் உங்கள் பில்லுக்குப் பணம் தர வேண்டும் என்ற சட்டப் பாதுகாப்பு கிடைக்கும். பிஎஃப்பும் இன்சூரன்ஸும் இதில் கிடையாது என்பதையும் சேர்த்தே உங்கள் நாள் கட்டணத்தைச் சொல்லுங்கள். முழுநேர வேலையாகவே யாராவது கூப்பிட்டால், பதவிப் பெயரில் விட்டுக்கொடுங்கள், வேலை எல்லையில் விட்டுக்கொடுக்காதீர்கள். டிஜிஎம்மாக இருந்தவர் மேனேஜர் என்ற கார்டோடு போவதில் நஷ்டம் ஒன்றுமில்லை. க்வாலிட்டிக்கு என்று எடுத்துவிட்டு பர்ச்சேஸும் டிஸ்பேட்சும் தலையில் கட்டினால் ஆறே மாதத்தில் வெறுத்துப்போகும்.

நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்று எனக்குத் தெரிய வேண்டும். ஏஎம்ஐஇக்கு எந்த வருடம் பதிந்தீர்கள்? 2013 மே 31க்குள் பதிந்தவர்களுக்குத்தான் அது பொறியியல் பட்டத்துக்கு இணையாக ஏற்கப்படுகிறது. கல்லூரி வேலைக்கு அதுதான் முதல் கேள்வி. சான்றிதழைப் பார்த்துவிட்டு எழுதுங்கள், அதை வைத்து அடுத்ததைச் சொல்கிறேன்.